கடைசி வரிசைக்குக் கேட்கிறதா?

நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களின் இருக்கைகள்தோறும் ஒலிவாங்கி இருக்கிறது. பேசுபவரின் மொழி புரியாதவர்களுக்குக் காதில் மாட்டிக்கொள்ளும் கருவியும் உடனடி மொழிபெயர்ப்பும் உண்டு. 2023 மே மாதம் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தின் மக்களவைக் கூடத்தில் 888 பேர் அமரலாம். அந்தக் கூடத்தின் கடைசி வரிசையிலும் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. "மைக்கை அணைத்துவிட்டார்கள்" என்று எதிர்க்கட்சியினர் குற்றம் சாட்டினால், அன்றைய தலைப்புச் செய்தி அதுதான். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாமல் போவது உரிமை மறுப்பு என்பதில் கட்சி வேறுபாடு கிடையாது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன கரோல் பாகும் முகர்ஜி நகரும். குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் அமரும் பயிற்சிக் கூடங்கள் அங்கே உள்ளன. ஆசிரியரின் சட்டையில் சிறிய மைக், சுவர்களில் ஒலிபெருக்கிகள். கட்டணம் செலுத்திய மாணவனுக்குக் கேட்காவிட்டால் அடுத்த கூடத்துக்குப் போய்விடுவான் என்பது உரிமையாளருக்குத் தெரியும்.

அதே தில்லியின் நெரிசலான பகுதிகளில் இருக்கும் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியின் நிலை வேறு. மேலே சுழலும் மின்விசிறிகள், காற்றுக்காகத் திறந்து வைத்த ஜன்னல்கள், அவற்றின் வழியே நுழையும் ஆட்டோக்களின் ஹாரன், பக்கத்து அறையில் ஒரே குரலில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் இன்னொரு வகுப்பு. இவற்றையெல்லாம் தாண்டி ஆசிரியையின் குரல் கடைசி வரிசையில் இருக்கும் ஆறு வயதுக் குழந்தையை எட்ட வேண்டும். எட்டுகிறதா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. குழந்தை கட்டணம் செலுத்தவில்லை. அதற்கு வாக்குரிமையும் இல்லை.

பட்டதாரிக்கே ஒலிபெருக்கி தேவை என்றால் குழந்தைக்குத் தேவையில்லையா என்ற கேள்வி வெறும் வாதத்துக்காக எழுப்பப்படுவது அல்ல. பெரியவர்களின் காதும் குழந்தைகளின் காதும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இரைச்சலில் ஒரு வாக்கியத்தின் பாதிச் சொற்கள் காணாமல் போனாலும், மொழியறிவாலும் அனுபவத்தாலும் மீதியைப் பெரியவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். குழந்தையால் அது முடியாது. நிரப்புவதற்கான சொற்களை அது இனிமேல்தான் கற்கப் போகிறது. கற்பதற்காகத்தான் பள்ளிக்கே வந்திருக்கிறது. இரைச்சலில் பேச்சைப் பிரித்தறியும் திறன் பதின்ம வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று செவித்திறன் வல்லுநர்கள் கூறுகிறார்கள்.

பேச்சின் இயல்பும் குழந்தைக்கு எதிராகவே இருக்கிறது. ஒலியின் வலிமை உயிரெழுத்துகளில் இருக்கிறது. பொருளை வேறுபடுத்துவதில் பெரும்பங்கு மெய்யெழுத்துகளுடையது. பட்டு, தட்டு, கட்டு என்ற மூன்று சொற்களுக்கும் முதல் மெய்தான் வேறு. இரைச்சலில் முதலில் கரைந்து போவதும் அந்த மெல்லிய வேறுபாடுதான். "ஏதோ 'அட்டு' என்றார்கள்" என்ற அளவில் குழந்தை அதை எழுதிக்கொள்கிறது. பிழைக்குச் சிவப்பு மை விழுகிறது.

வீட்டு மொழி வேறாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. தில்லியின் அரசுப் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகள் பலரின் வீட்டில் பேசப்படுவது போஜ்புரி, மைதிலி, வங்காளம், தமிழ். சாப்பாடு, பாட்டு, ஒற்றைக்கண்ணன் ஆகிய மூன்றுக்கும் உரிய ஹிந்திச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றுமே 'கானா'தான். தமிழ்க் குடும்பத்திலிருந்து வரும் குழந்தை அந்த மூன்று 'க'கரங்களையும் காதால் மட்டுமே பிரித்துக் கற்க வேண்டும். தாய்மொழியில் கேட்பவரைவிட இரண்டாவது மொழியில் கேட்பவருக்குக் கூடுதல் தெளிவு வேண்டும் என்பது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் உறுதியான செய்தி.

எவ்வளவு தெளிவு வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஆசிரியரின் குரல், அறையின் இரைச்சலைவிடக் குறைந்தது 15 டெசிபல் உயர்ந்திருக்க வேண்டும் என்பது செவித்திறன் வல்லுநர்கள் பரவலாக ஏற்ற அளவு. வெட்டவெளியில் தொலைவு இரட்டிப்பாகும்போதெல்லாம் குரல் 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டர் தொலைவில் 65 டெசிபலாக இருக்கும் குரல், நான்கு மீட்டரில் 53 ஆகிவிடும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இவ்வளவு குறைவதில்லை. ஆனால் அந்த எதிரொலியே ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல்லின் தலைமீது ஏற்றிக் குழப்புகிறது. முதல் வரிசைக் குழந்தைகள் கெட்டிக்காரர்கள், கடைசி வரிசைக் குழந்தைகள் மக்குகள் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்ததில் இயற்பியலின் பங்கு எவ்வளவு என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் முயற்சி, 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் தென்பகுதியில் நடந்தது. லேசான செவிக்குறையும் படிப்பில் பின்னடைவும் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரைத் தனி அறைக்கு அழைத்துச் சென்று சிறப்பு ஆசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். மற்றவர்களை வழக்கமான வகுப்பிலேயே விட்டு, ஆசிரியரின் குரலை மட்டும் ஒலிவாங்கி மூலம் அறை முழுவதும் சீராகப் பரவச் செய்தார்கள். குரல் பெருக்கப்பட்ட வகுப்பில் இருந்த குழந்தைகள், தனிப்பாடம் பெற்றவர்களுக்கு இணையாக முன்னேறினார்கள். செலவோ மிகக் குறைவு. சிறிய வகுப்புக் குழந்தைகளுக்கே பயன் அதிகம் தெரிந்தது.

அந்தக் 'லேசான செவிக்குறை' என்ற சொல் இந்தியாவுக்கு முக்கியமானது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை கேட்கும் திறனை இழந்தவரைச் செவித்திறன் குறைந்தவர் என்கிறது. அதற்கு மேல் இழந்தவர் காது கேளாதவர். சளியும் காதில் சீழும் வந்து வந்து போவதால் 25 அல்லது 30 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் மங்கிய குழந்தை சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. குழந்தைகளின் நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழாய் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால், தொண்டைத் தொற்று எளிதில் காதுக்குப் பரவுகிறது. அந்தக் குழந்தை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். பெற்றோருக்கு ஐயம் எழாது. வகுப்பில் மட்டும் 'கவனமில்லாத பிள்ளை' என்று பெயர் வாங்கும்.

அமெரிக்காவில் 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய மிகச் சிறிய செவிக்குறை உள்ள குழந்தைகளில் 37 சதவீதத்தினர் குறைந்தது ஒரு வகுப்பிலாவது தேர்ச்சி பெறாமல் போயிருந்தனர். ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் மாணவர்களை நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு அனுமதி தரும் சட்டத் திருத்தம் இங்கே 2019-இல் வந்தது. மத்திய அரசுப் பள்ளிகளில் கட்டாயத் தேர்ச்சி முறை 2024 டிசம்பரில் கைவிடப்பட்டது. தமிழகம் அதை ஏற்கவில்லை. தேர்ச்சி பெறாத குழந்தைக்கு மறுதேர்வு உண்டு, கூடுதல் பயிற்சி உண்டு என்கிறது விதி. காதைப் பரிசோதித்துவிட்டு முடிவெடுங்கள் என்று அதில் ஒரு வரி இருந்திருக்கலாம்.

எனவே எல்லா வகுப்பிலும் ஒலிபெருக்கியைப் பொருத்திவிடலாமா? அவசரப்படக் கூடாது என்பதற்கும் காரணங்கள் இருக்கின்றன. ஒலிபெருக்கி இரைச்சலைக் குறைப்பதில்லை. இரைச்சலைவிடக் குரலை உயர்த்துகிறது, அவ்வளவுதான். வெற்றுச் சுவரும் சிமென்ட் தரையும் தகரக் கூரையும் கொண்ட அறையில் எதிரொலியையும் சேர்த்தே அது பெருக்கும். அமெரிக்க ஒலியியல் சங்கமே, சிறிய சாதாரண வகுப்பறைகளில் நல்ல கட்டட அமைப்புக்கு மாற்றாக ஒலிபெருக்கியை வழக்கமாக்கக் கூடாது என்று நிலைப்பாடு எடுத்தது. ஒலிபெருக்கியின் பயனை அளந்த பல ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்தியாவுக்கே உரிய தடை ஒன்றும் உண்டு. 2024-ஆம் ஆண்டின் 'அசர்' கிராமப்புறக் கல்வி அறிக்கையின்படி, பார்வையிடப்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் 60 பேருக்கும் குறைவான மாணவர்களே இருந்தனர். அங்கே இரண்டு, மூன்று வகுப்புகள் ஒரே அறையில் அமர்வது சாதாரணம். தட்டிகளால் மட்டும் பிரிக்கப்பட்ட நீண்ட கூடங்களும் பல மாநிலங்களில் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை மைக்கைக் கையில் எடுத்தால் இரண்டாம் வகுப்பின் பாடம் போயிற்று. அடுத்த வாரம் இரண்டாம் வகுப்பு ஆசிரியரும் ஒரு மைக் வாங்குவார்.

ஒலிபெருக்கி என்றாலே அதிகாரம் என்று பழகிப்போன நாடு இது. கல்யாணம், திருவிழா, பொதுக்கூட்டம் எதுவானாலும் சத்தம் கூடினால் மதிப்பு கூடும் என்ற எண்ணம் ஊறியிருக்கிறது. வகுப்பறையில் வேண்டியது அந்த ஒலிபெருக்கி அல்ல. உரத்த குரல் வேறு, சீரான குரல் வேறு. நல்ல முறையில் அமைந்த கருவி இயங்குவதே தெரியக்கூடாது. முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் ஒரே அளவில் ஆசிரியர் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருக்க வேண்டும். அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் ஒலிவாங்கிகளின் அலை சுவரைத் தாண்டாது என்பதால் அடுத்த அறையின் கருவியோடு குழப்பமும் வராது. இன்னொரு ஒலிவாங்கியைக் குழந்தைகளிடையே கைமாற்றலாம். கடைசி வரிசையில் முணுமுணுக்கும் சிறுமியின் பதில் முதல் வரிசைக்குக் கேட்பதும் பாடத்தின் பகுதிதான்.

ஆசிரியர்களின் தொண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாள் முழுவதும் இரைச்சலை எதிர்த்துப் பேசுகிறவர்கள். அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையேனும் குரல் பாதிப்புக்கு உள்ளானவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதமாகவும் பிறரில் 28.8 சதவீதமாகவும் இருந்தனர். குரல் கெட்ட ஆசிரியர்களுக்குச் சிறிய ஒலிபெருக்கியைக் கொடுத்துப் பார்த்த மற்றோர் ஆய்வில், குரலைப் பேணும் அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிடக் கருவி பெற்றவர்களே தெளிவாகத் தேறினர். இடுப்பில் கட்டிக்கொள்ளும் அத்தகைய கருவிகள் இந்தியக் கடைகளில் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. தொண்டை கட்டிய ஆசிரியைகள் சொந்தக் காசில் வாங்கிக்கொள்கிறார்கள். சுண்ணக்கட்டியைச் சொந்தக் காசில் வாங்கச் சொன்னால் சங்கங்கள் சும்மா இருக்குமா?

கருவியைவிட முக்கியமானது இரைச்சலைக் குறைப்பது. நியூயார்க் நகரில் மேம்பால ரயில் பாதையை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியைப் பற்றி உளவியலாளர் ஆர்லீன் பிரான்சாப்ட் 1975-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ரயில் பாதைப் பக்கம் இருந்த வகுப்புக் குழந்தைகள், அதே கட்டடத்தின் அமைதியான பக்கத்தில் படித்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தனர். ஆறாம் வகுப்பில் இந்த இடைவெளி ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பு அளவுக்கு வளர்ந்திருந்தது. பிறகு தண்டவாளத்தின் கீழ் ரப்பர் பட்டைகள் போடப்பட்டன; வகுப்பறைகளின் மேற்கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள் பதிக்கப்பட்டன. 1981-இல் மீண்டும் சோதித்தபோது இருபக்கத்துக் குழந்தைகளிடையேயும் வேறுபாடு இல்லை. ஹீத்ரோ, ஸ்கிபோல், பராஹாஸ் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள 89 பள்ளிகளில் 2,800-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2005-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட முடிவும் அதுவே: விமான இரைச்சல் கூடக் கூட வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் குறைகிறது.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இல்லையா? நன்றாகவே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 மீட்டர் வரையுள்ள பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். பகலில் 50 டெசிபலுக்கு மேல் ஒலி கூடாது. அந்த மண்டலத்தில் ஹாரன் அடிக்கவும் 2010-இல் வந்த திருத்தம் தடை விதிக்கிறது. 2005 ஜூலை 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஆர்.சி. லஹோதி தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, இரைச்சலின்றி வாழ்வதை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு இணைத்தது. ஒலிபெருக்கியின் அலறலில் 13 வயதுச் சிறுமியின் அபயக்குரல் யார் காதிலும் விழாமல் போன ஒரு கொடுமையிலிருந்து பிறந்த வழக்கு அது.

இந்த 50 டெசிபல் என்ற எண் தற்செயலாகவோ திட்டமிட்டோ மிகச் சரியான இடத்தில் நிற்கிறது. சற்றே திறந்த ஜன்னல், வெளியே இருந்து வரும் ஒலியைச் சுமார் 15 டெசிபல் குறைக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வெளியே 50 என்றால் உள்ளே 35. வகுப்பறைக்கு அதே நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்த அளவும், காலி வகுப்பறைக்கு 2002-இல் அமெரிக்கா வகுத்த தரமும் 35 டெசிபல்தான். மின்விசிறியின் சத்தம் அதன்மேல் சேரும் என்பது உண்மை. என்றாலும், இருக்கும் விதியை நடைமுறைப்படுத்தினாலே குளிர்சாதனமோ இரட்டைக் கண்ணாடியோ இல்லாமல் உலகத் தரத்தை நெருங்கிவிடலாம் என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011 முதல் தில்லி, சென்னை உள்ளிட்ட ஏழு பெருநகரங்களில் ஒலியை அளந்து வருகிறது. அமைதி மண்டலங்களில் அதன் கருவிகள் வரம்பை மீறிய எண்களையே வாடிக்கையாகக் காட்டுகின்றன. எண்கள் பதிவாகின்றன, அத்தோடு சரி.

செலவில்லாமலும் குறைந்த செலவிலும் செய்யக்கூடியவை பல. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளைச் சாலைப் பக்கத்திலிருந்து கட்டடத்தின் உள்பக்கத்துக்கு மாற்ற ஒரு தலைமையாசிரியரின் உத்தரவு போதும். தேய்ந்த தாங்கியோடு கிறீச்சிடும் மின்விசிறியைப் பழுது பார்க்கலாம். தகரக் கூரைக்கு அடியில் உள்கூரை அமைக்கலாம். கேரளத்தின் தென்னை நாரும் வங்கத்தின் சணலும் நல்ல ஒலி உறிஞ்சிகள். பின்சுவரில் அவற்றாலான பலகைகளைப் பதித்தால் எதிரொலி அடங்கும், குழந்தைகளின் ஓவியங்களைக் குத்தி வைக்கவும் ஆகும். (சாலையோரம் ஒரு வரிசை மரம் நட்டால் சத்தம் குறையும் என்பது பலரின் நம்பிக்கை. நிழலுக்காக நடலாம், ஒலியை அது பெரிதாகத் தடுக்காது. அதற்குச் சுற்றுச்சுவர்தான் வேண்டும்.) இவற்றுக்குப் பிறகும் கேட்காத அறைகளில் ஒலிபெருக்கியைப் பொருத்துவதே முறையான வரிசை.

ஒலிபெருக்கிகள் ஏற்கெனவே வகுப்பறைக்குள் வந்துவிட்டன என்பதுதான் வேடிக்கை. கேரளத்தில் 2018-இல் நிறைவேறிய திட்டத்தில் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினி, புரொஜெக்டரோடு ஒலிபெருக்கியும் வழங்கப்பட்டது. தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் அமைந்து வருகின்றன. பதிவு செய்யப்பட்ட குரல் கடைசி வரிசை வரை கேட்க ஏற்பாடு இருக்கிறது. எதிரே நிற்கும் ஆசிரியையின் குரலுக்குத்தான் இல்லை. இருக்கும் கருவியோடு ஓர் ஒலிவாங்கியை இணைப்பது பெரிய செலவல்ல.

'அசர்' 2024 அறிக்கைப்படி, கிராமப்புற அரசுப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் 44.8 சதவீதத்தினரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள். இதற்கு இரைச்சல் மட்டுமே காரணம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆசிரியர் பற்றாக்குறை, வறுமை, பாடத்திட்டம் என்று பட்டியல் நீளமானது. ஆனால் மற்ற காரணங்களைப் பற்றி அறிக்கைகளும் குழுக்களும் உண்டு. எந்த மொழியில் கற்பிப்பது, எத்தனை மொழி கற்பிப்பது என்று மத்திய அரசும் தமிழக அரசும் மோதிக்கொள்கின்றன; அந்த மோதலில் ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதியே 2024-25-இல் முடங்கியது. அந்தச் சண்டைக்கு நியாயங்கள் உண்டு. எந்த மொழியாக இருந்தாலும் அது குழந்தையின் காதில் விழுகிறதா என்று கேட்க ஒரு தரப்பும் முன்வரவில்லை.

2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி பள்ளிகளுக்குச் செல்லும் மருத்துவக் குழுக்கள் கண்டறிய வேண்டிய குறைகளின் பட்டியலில் செவிக்குறையும் காதுச் சீழும் இடம்பெற்றுள்ளன. அந்தக் குழுவின் கையில் ஓர் ஒலிமானியையும் கொடுத்தால், குழந்தையின் காதோடு வகுப்பறையின் இரைச்சலையும் ஒரே வருகையில் அளந்துவிடலாம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒரு பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று வரையறுக்கிறது. ஆசிரியருக்கு ஓர் அறை, குடிநீர், தனித்தனிக் கழிப்பறை, சமையலறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர். ஆசிரியர் பேசுவது கேட்க வேண்டும் என்பது அதில் இல்லை. அட்டவணையில் ஒரு தரத்தைச் சேர்க்க நாடாளுமன்றத்தில் திருத்த மசோதா கொண்டுவர வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி மத்திய அரசின் ஓர் அறிவிக்கையே போதும்.